நெல் பணம், நிதி ரசீது, சீட்டுத் தொகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பண மோசடி குறித்த கேள்விகளை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்தவை. இதே மாவட்டங்களின் வங்கிக் கிளைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அவற்றுக்குப் பதில் எழுதும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: வலங்கைமான் அருகே ஒன்பது மா நிலத்தில் சம்பா சாகுபடி செய்தேன். சன்ன ரகம், 180 சிப்பம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டதில் ரூ.1,83,240 என் வங்கிக் கணக்கில் வரவானது. நான்கு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் பிஎம் கிசான் தவணைக்கு விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு கோப்பு வந்தது. அதைத் தொட்டதும் ஒரு செயலி இறங்கியது. ஆதார் எண்ணும் ஏடிஎம் அட்டையின் கடைசி ஆறு எண்களும் கேட்டது, கொடுத்தேன். ஓடிபியை நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் அன்று இரவுக்குள் மூன்று தடவையாக ரூ.97,000 போய்விட்டது. வீட்டில் சொல்லக் கூசிக்கொண்டு ஞாயிறு முழுவதும் சும்மா இருந்துவிட்டுத் திங்கட்கிழமை வங்கிக்குப் போனேன். "தவறு உங்களுடையது, வங்கி பொறுப்பாகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பணம் திரும்பி வருமா, அம்மா?

பதில்: ஐயா, முதலில் உங்கள் கணக்கில் மீதமிருக்கும் ரூ.86,240-ஐக் காப்பாற்றுவோம். அந்தச் செயலி இன்னும் உங்கள் கைப்பேசியில் இருந்தால், உங்களுக்கு வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் அவர்கள் இப்போதும் படித்துக்கொண்டிருக்கலாம். செயலி இறங்கியவுடன் குறுஞ்செய்திகளைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கும், நீங்களும் தொட்டிருப்பீர்கள். நீங்கள் வாய் திறந்து சொல்லாமலேயே ஓடிபி அவர்களுக்குப் போனது அந்த வழியாகத்தான். ஆகவே இன்றே கைப்பேசியின் இணைய இணைப்பைத் துண்டித்து, சிம் அட்டையைக் கழற்றிவிடுங்கள். நேரில் வங்கிக்குப் போய் ஏடிஎம் அட்டையையும் யுபிஐ வசதியையும் முடக்கச் சொல்லுங்கள். கைப்பேசியை முழுவதுமாக அழித்துப் புதிதாக அமைத்த பிறகே மறுபடியும் பயன்படுத்துங்கள்.

அடுத்ததாக வேறொரு கைப்பேசியிலிருந்து 1930 என்ற எண்ணை அழையுங்கள். இணையவழிப் பண மோசடிக்கென்று நாடு முழுவதற்கும் உள்ள உதவி எண் அது. உங்கள் கணக்கிலிருந்து போன பணம் முதலில் ஒரு கணக்குக்குப் போகும், அங்கிருந்து இரண்டு மூன்று கணக்குகளாகப் பிரியும், பிறகு எங்கோ ஓர் ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியேறும். நீங்கள் 1930-இல் பரிவர்த்தனை எண்களைச் சொன்னதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிகளுக்குத் தகவல் போய், இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கும் தொகை நிறுத்தி வைக்கப்படும். மடையை அடைக்கும் நேரத்தில் வாய்க்காலில் நிற்கும் தண்ணீர்தான் நமக்கு மிஞ்சும். வடிந்து போனது போனதுதான். அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு முக்கியம் என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நீங்கள் பேசாமல் இருந்ததைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இதைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: பணத்தைத் தொலைத்தவரை வீட்டில் திட்டுவோம் என்ற பயமே அவரைப் பேசவிடாமல் செய்கிறது, அந்தப் பேசாத நேரமே திருடனுக்குப் போதுமானதாகிவிடுகிறது. இரண்டு நாள் கடந்துவிட்டது என்பதற்காகப் புகாரைக் கைவிடவும் வேண்டாம். சில கணக்குகளில் பணம் நாள்கணக்கில் கிடப்பதும் உண்டு.

வங்கி சொன்ன பதிலுக்கு வருகிறேன். அந்தப் பதிலை வாய்மொழியாக ஏற்றுக்கொண்டு நீங்கள் திரும்பி வந்திருக்கக் கூடாது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ குறை இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் எடுக்கப்பட்டு, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வாடிக்கையாளர் புகார் செய்தால், இழப்பு எதுவும் அவர் தலையில் விழாது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் ரூ.10,000 வரை அவர் பொறுப்பு. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவரையே சேரும். தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. உங்கள் விஷயத்தில் வங்கி, அட்டை எண்களைக் கொடுத்தது உங்கள் கவனக்குறைவே என்று வாதிடும். ஆனால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. "தவறு உங்களுடையது" என்று கவுண்டரில் சொல்லிவிட்டால் அது மெய்ப்பித்ததாக ஆகாது.

ஆகவே நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதுங்கள். செயலி வந்த நேரம், மூன்று பற்றுகளின் நேரம், தொகை, பரிவர்த்தனை எண், 1930-இல் கொடுத்த புகார் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைக் கிளையில் கொடுத்து, மற்றொன்றில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். திங்கட்கிழமையே நீங்கள் கிளைக்கு வந்து சொன்னதையும் அதில் எழுதுங்கள். வங்கியின் தகவல் கிடைத்த நாளிலிருந்து நீங்கள் புகார் சொன்ன நாள் வரைதான் நாள்கணக்கு பார்க்கப்படும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாகத் தோன்றாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண் இருக்கிறது. முழுத் தொகையும் வந்துவிடும் என்று நான் உறுதி கூற முடியாது. முத்திரை பெற்ற ஒரு தாள் கையில் இல்லாததாலேயே நியாயமான முறையீடுகள் தோற்றுப்போனதை மட்டும் பல முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கோப்பை அனுப்பியவர் உங்கள் ஊர்க்காரர், தெரிந்தவர் என்பதால்தான் நம்பியிருப்பீர்கள். அவரும் ஏமாந்தவராகவே இருக்கக்கூடும்; அவர் கைப்பேசியில் புகுந்த செயலியே அவர் பெயரில் எல்லாக் குழுக்களுக்கும் தன்னை அனுப்பியிருக்கும். அவரோடு சண்டைக்குப் போகாமல், குழுவில் உள்ள அனைவரையும் இன்றே எச்சரியுங்கள். பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணைகளாக, நேராகக் கணக்குக்கு வருகிறது. விவரம் புதுப்பிக்க வேண்டியிருந்தால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தே முடித்துக்கொள்ளலாம். அறுவடைப் பணம் கணக்கில் ஏறும் பருவத்தில் பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம் என்ற பெயர்களிலும் இதே கோப்பு வரும்.

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். மகளிர் உரிமைத் தொகையை எடுக்கப் போனால், கைரேகை சரியாகப் பதியவில்லை என்று இரண்டு மூன்று தடவை விரலை வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: வயல் வேலை செய்யும் கைகளில் ரேகை தேய்ந்து, உண்மையாகவே பதியாமல் போவதுண்டு. ஆகவே கேட்பவரையெல்லாம் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறை விரல் வைத்ததும், பணம் வந்தாலும் வராவிட்டாலும், இயந்திரத்தில் வரும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். "ஆகவில்லை" என்று வாயால் சொல்வது போதாது. மாதம் ஒரு முறை பாஸ்புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து பாருங்கள். பணம் எடுக்காத நாட்களில் ஆதாரின் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. ஆதார் ஆணையத்தின் செயலியில் உங்கள் மகளோ மகனோ செய்து தருவார்கள். சந்தேகங்களுக்கு ஆதார் ஆணையத்தின் எண் 1947.

கேள்வி: கும்பகோணத்தில் வசிக்கிறேன். ஓய்வுபெற்ற அரசு ஊழியர். எங்கள் சம்பந்தி வழியில் உறவினர் ஒருவர், புதிதாகத் தொடங்கிய ஒரு நிதி நிறுவனத்தில் பத்து லட்சம் போட்டால் நூற்றுக்கு ஒன்றே முக்கால் வட்டி வீதம் மாதம் ரூ.17,500 தருவார்கள் என்கிறார். அவரே ஆறு மாதமாக வாங்கிக்கொண்டிருக்கிறார். அரசில் பதிவு பெற்ற நிதி என்று சான்றிதழும் காட்டுகிறார். போடலாமா?

பதில்: வேண்டாம், ஐயா. "நிதி" என்ற சொல்லுக்கு நம் பகுதியில் ஒரு மரியாதை உண்டு. அங்கத்தினர்கள் தமக்குள் சேமித்துத் தமக்குள் நகைக்கடன் கொடுத்துக்கொண்ட பழைய நிதிகளை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் ஏராளம். அந்த மரியாதையைத்தான் இன்று சிலர் தங்கள் பெயர்ப் பலகையில் எழுதிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

நிதி நிறுவனங்களுக்கு 2014-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி வைப்புத் தொகைக்கு ஆண்டுக்கு 12.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தரக் கூடாது. பத்து லட்சத்துக்கு அந்த உச்ச வரம்பில் கணக்கிட்டாலும் மாதம் ரூ.10,416 தான் வருகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்டது ஆண்டுக்கு 21 விழுக்காடு. உண்மையான நிதி என்றால் அந்த வட்டி தர முடியாது. அந்த வட்டி தருகிறது என்றால் அது விதிப்படி நடக்கும் நிதி அன்று. இரண்டில் எதுவானாலும் உங்கள் பணத்துக்கு அங்கே இடமில்லை. மேலும், நிதி நிறுவனம் அங்கத்தினர்களிடம் மட்டுமே வைப்பு வாங்கலாம், வைப்பு கேட்டு விளம்பரம் செய்யக் கூடாது, வைப்பு பிடித்துத் தருபவருக்குத் தரகோ ஊக்கத் தொகையோ கொடுக்கக் கூடாது. உங்கள் உறவினரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என்னைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? ஏதேனும் கிடைக்கும் என்றால், விதி அங்கேயே மீறப்பட்டுவிட்டது.

அவர் ஆறு மாதமாக வாங்குகிறார் என்பதும் சான்றாகாது. நீங்கள் பத்து லட்சம் கொடுத்தால், ஆறு மாத வட்டி ரூ.1,05,000-ஐ அதிலிருந்தே எடுத்து உங்களுக்குத் தந்துவிட்டு, எட்டு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரத்தை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். அந்த ஆறு மாதத்தில் நீங்கள் உங்கள் தெருவில் நான்கு பேரிடம் நல்லபடியாகச் சொல்லியிருப்பீர்கள். சான்றிதழைப் பொறுத்தவரை, கம்பெனியாகப் பதிவு செய்துகொள்வது வேறு, வைப்பு வாங்கும் தகுதி வேறு. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடலாம். வைப்பு வாங்க யாருக்கெல்லாம் அனுமதி உண்டு என்பதை ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்திலும் பார்க்கலாம். எல்லாம் சரியாகவே இருந்தாலும், வங்கி வைப்புக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீடு நிதி நிறுவன வைப்புக்குக் கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

ஏற்கெனவே பணம் போட்டுவிட்ட மற்ற வாசகர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதிர்வு நாளில் "புதுப்பித்துத் தருகிறோம், பழைய ரசீதைக் கொடுங்கள்" என்று கேட்டால், இருபுறமும் படியெடுக்காமல் அசல் ரசீதைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். வெளிர்ப் பச்சைத் தாளில் அழகாக அச்சடித்த அப்படியொரு ரசீதை ஓர் அம்மையார் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தொகை எண்ணில் இருந்தது, எழுத்தில் இல்லை. கையொப்பம் இருந்தது, யாருடையது என்ற பெயர் இல்லை. பின்புறத்தில் சிற்றெழுத்தில், இது வைப்பு அன்று, தொழிலில் பங்கேற்புத் தொகை என்று அச்சாகியிருந்தது. மூன்றாண்டுகளாக அவர் அதைப் பூஜை அறையில் வைத்திருந்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. பணம் வராமல் போனால், மாவட்டப் பொருளாதாரக் குற்றப் பிரிவில் உங்கள் பெயரில் தனியாகப் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் வழியே விற்று, வைப்பீட்டாளர்களுக்குப் பகிர்ந்து தர முடியும். "புகார் கொடுத்தால் சொத்து முடங்கிவிடும், யாருக்கும் பணம் வராது" என்று நிறுவனத்தார் சொல்வதை நம்பிக் காத்திருப்பவர்கள் கண்ணெதிரே, அந்தச் சொத்துகள் வேறு பெயர்களுக்கு மாறிவிடுகின்றன. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி, பொய்யென்று அறிந்தே ஆசை காட்டிப் பிறரைச் சேர்த்துவிடுபவரும் தண்டனைக்குரியவர். உங்கள் உறவினருக்கு இதைச் சொல்வது அவருக்கும் நீங்கள் செய்யும் நன்மை.

கேள்வி: மன்னார்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். தெருவில் ஓர் அக்கா நடத்தும் ஏலச்சீட்டில் இருபது பேர், மாதம் ரூ.5,000. பதிவு செய்யாத சீட்டு என்கிறார்கள். பன்னிரண்டு மாதம் கட்டிவிட்டேன். என்ன செய்வது?

பதில்: நம் தெருக்களில் சீட்டுப் பணத்தால் நடந்த திருமணங்களை நான் அறிவேன், சீட்டு என்றாலே மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு தொடங்கும் முன்பே நடத்துபவர் பதிவாளரிடம் அனுமதி பெற்று, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் கட்ட வேண்டும். அவர் எடுத்துக்கொள்ளும் கமிஷன் சீட்டுத் தொகையில் 7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பதிவு இல்லாத சீட்டில் அந்தப் பிணையம் இல்லை. நடத்துபவருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலே இருபது வீடுகள் தவிக்கும்.

இதுவரை கட்டிய பன்னிரண்டு தவணைகளுக்கும் ஒரு நோட்டில் தேதி, தொகை, ஏலத் தள்ளுபடி எல்லாவற்றையும் எழுதி, அந்த அக்காவிடம் கையொப்பம் வாங்குங்கள். சண்டை போடுவதுபோல் கேட்க வேண்டாம்; "கணக்குக்காக" என்று கேட்டால் நேர்மையானவர் மறுக்க மாட்டார். இனிமேல் கட்டும் தவணையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்கு வழியாக அனுப்புங்கள். முடிந்தால் அடுத்த ஏலத்திலேயே உங்கள் சீட்டை எடுத்துவிட்டு, மீதித் தவணைகளைத் தவறாமல் கட்டி முடியுங்கள். அடுத்த சீட்டு சேரும்போது ஒப்பந்தப் படியும் பதிவு எண்ணும் கேட்டு வாங்கி, பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சரிபார்த்த பிறகே முதல் தவணையைக் கட்டுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன், நண்பன் கேட்டான் என்று புதிதாக ஒரு கணக்கு தொடங்கி, ஏடிஎம் அட்டையையும் சிம் அட்டையையும் கொடுத்து ரூ.5,000 வாங்கி வந்திருக்கிறான். தவறில்லை என்கிறான்.

பதில்: தவறு, அம்மா, மிகப் பெரிய தவறு. வலங்கைமான் விவசாயியின் நெல் பணம் முதலில் போய் விழுவது இப்படி வாடகைக்கு விட்ட கணக்குகளில்தான். மோசடி செய்தவனின் முகம் யாருக்கும் தெரியாது. காவல்துறைக்குத் தெரிவது கணக்கில் உள்ள பெயரும் முகவரியும் மட்டுமே. வேறு மாநிலக் காவலர்கள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது "எனக்குத் தெரியாது, நண்பன் கேட்டான்" என்ற பதிலோடு உங்கள் மகன் அங்குள்ள நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும். படிப்பும் வேலையும் அதோடு கெடும்.

இன்றே அவனைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போங்கள். கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து முத்திரை பெறுங்கள். சிம் அட்டையையும் நிறுத்துங்கள். கணக்கில் அறியாத பணம் ஏதேனும் வந்திருந்தால் ஒரு ரூபாயும் தொட வேண்டாம். ஏற்கெனவே பணப் புழக்கம் நடந்திருந்தால், ஒரு வழக்கறிஞரோடு மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு நீங்களே முன்வந்து போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அம்மா மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாக மும்பை போலீஸ் என்று சொல்லி, இரண்டு நாள் வீடியோ அழைப்பிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். அம்மா வைப்புத் தொகை ரூ.12 லட்சத்தை உடைத்து அனுப்பிவிட்டார். வங்கியில் காரணம் கேட்டபோது வீட்டு வேலைக்கு என்று சொல்லியிருக்கிறார். இது நடந்து ஐந்து நாள் ஆகிறது. "தலைமை ஆசிரியைக்கே இது தெரியாதா" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அம்மா யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

பதில்: இப்படி வீடியோ அழைப்பிலேயே உட்கார வைத்து மிரட்டும் "டிஜிட்டல் கைது" என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் பிரதமரே நாட்டு மக்களுக்கு இதைச் சொல்ல வேண்டிய அளவுக்கு இந்த மோசடி பரவியிருந்தது. எந்தக் காவல்துறையும் வீடியோ அழைப்பில் விசாரணை நடத்திப் பணத்தைச் சரிபார்ப்புக்கு அனுப்பச் சொல்லாது. உங்கள் உறவினர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: இந்த வலையில் விழுபவர்களில் பலர் படிக்காதவர்கள் அல்லர். வாழ்நாள் முழுவதும் மேலதிகாரியின் கடிதத்துக்கு மதிப்புக் கொடுத்து, ஒரு விதியையும் மீறாமல் வாழ்ந்தவர்களே முத்திரையிட்ட கடிதத்தைத் திரையில் பார்த்ததும் நடுங்கிப் போகிறார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் வைப்பை உடைக்க வந்தார். கைப்பையை மேசைமேல் வைத்து, அதன் வாயைத் திறந்தே வைத்திருந்தார். உள்ளே கைப்பேசியின் திரை எரிந்துகொண்டிருந்தது. ஏன் உடைக்கிறீர்கள் என்று கேட்டதும், பதில் சொல்வதற்கு முன் அவர் பார்வை பைக்குள் போனது. ஒரு தாளில் "யாராவது மிரட்டுகிறார்களா?" என்று எழுதி அவர் பக்கம் தள்ளினேன். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு பேனாவை வாங்கி "ஆம்" என்று எழுதினார். அதற்கு முன் இரண்டு பேரிடம் அப்படிக் கேட்கத் தோன்றாமல் பணத்தை அனுப்பியிருக்கிறேன் என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

உங்கள் அம்மாவை முதலில் சாப்பிட வையுங்கள். பக்கத்தில் நம்பகமான ஒருவரை இரவும் தங்கச் சொல்லுங்கள். நீங்கள் அங்கிருந்தே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதியலாம். அம்மா 1930-ஐ அழைத்து, பிறகு மயிலாடுதுறை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் இயங்கும் சைபர் குற்றப் பிரிவுக்கு நேரில் போகட்டும். அழைப்புப் பதிவுகளையும், அவர்கள் அனுப்பிய போலிக் கடிதங்களையும் கைப்பேசியிலிருந்து அழிக்க வேண்டாம். வெறுப்பில் பலர் முதலில் அவற்றைத்தான் அழித்துவிடுகிறார்கள். வழக்கை முடித்துத் தருகிறோம், பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று இனி வரும் அழைப்புகள், அதே கூட்டத்தாரிடமிருந்து வருபவையாக இருக்கலாம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

புகாரை அம்மாவே தம் கையால் எழுதட்டும். வங்கியில் "வீட்டு வேலைக்கு" என்று பொய் சொன்னதைக் குறிப்பிட அவர் தயங்குவார்; அதை மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னது யார், அப்போது அழைப்பு இணைப்பில் இருந்ததா, என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பதை நேரத்தோடு எழுதினால், அவர் தாமாக விரும்பி அனுப்பிய பணம் அன்று அது என்பதற்கு அந்த வரியே சான்றாக நிற்கும்.